மிராசுவும் 114-ஆம் சர்வே கல்லும்

சித்திரை மாதம், காலை பத்தரை மணி. ஆனைவிளைத் தேரியின் செம்மணல் அதற்குள்ளாகவே அப்பளம் சுடுகிற பதத்துக்கு வந்திருந்தது. சேர்மக்கனி அதில் குப்புறப் படுத்திருந்தாள். அடியில் ஒரு தென்னந்தடுக்கு, தலைக்கு மேல் கறுப்புக் குடை, முன்னால் முக்காலியில் அரசாங்கம் கொடுத்த பெட்டி. எட்டடி தள்ளி 114-ஆம் சர்வே கல்லின் உச்சியில், வாலையும் சேர்த்து ஒரு சாண் தேறாத ஓணான் ஒன்று நின்றது.

அது கழுத்தை நிமிர்த்தியது. தாடைக்கடியில் மடித்து வைத்திருந்த விசிறியை விரித்தது. வெள்ளை விசிறி, நடுவே நீலக்கோடு, அடியில் செங்கல் நிறம். மூன்று தடவை விரித்து மூன்று தடவை மடக்கியது.

பெட்டி ஒரு கணம் யோசித்துவிட்டு, வானொலியில் செய்தி வாசிக்கிற குரலில் பேசியது.

"அனுப்புநர்: விசிறித்தொண்டை ஓணான், ஆண், சர்வே கல் 114, ஆனைவிளைத் தேரி. பெறுநர்: உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள். பொருள்: இந்தக் கல் என்னுடையது, சார்பாக. மதிப்பிற்குரிய அம்மையீர், இந்தக் கல் என்னுடையது. தாங்கள் அப்பால் செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள."

சேர்மக்கனி முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். முழங்கை மணலில் பட்டுச் சுட்டது. அதற்காகச் சிரிப்பு நின்றுவிடவில்லை.

பெட்டியைச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பிராணி கழுத்தை ஆட்டுவதையும் நிறம் காட்டுவதையும் பார்த்து அது சொல்லவருவதைத் தமிழாக்கும் கருவி அது. கருவி முதலில் "என் கல், போ" என்றுதான் பேசியதாம். மனுவின் வடிவில் இல்லாத எதையும் அலுவலகத்தில் பதிவு செய்ய இயலாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அதன் பிறகுதான் அனுப்புநர், பெறுநர் எல்லாம் ஏறின.

சட்டம் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஓர் இடத்தில் ஏதாவது திட்டம் வரவேண்டுமென்றால் அங்கே குடியிருக்கும் மனிதரைப்போலவே பிற உயிர்களையும் கேட்க வேண்டும். எந்த உயிராவது மூன்று விசாரணையிலும் மறுப்புச் சொன்னால் அந்த இடத்தைத் தொடக் கூடாது. ஒரு விசாரணையில் வாய் திறக்காவிட்டாலும் சம்மதம் என்று பொருள். விலங்கியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த சேர்மக்கனிக்கு அந்தச் சட்டத்தில்தான் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. பதவியின் பெயர் செவிமடுப்பு உதவியாளர்.

தேரி மணல்மேட்டைச் சமமாக வெட்டித் தள்ளி, ஆயிரத்து நூறு ஏக்கருக்குச் சூரியத் தகடு விரிக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அதில் சந்தோஷம். வேலைக்குப் பெயர் கொடுத்த இளவட்டங்கள் மட்டும் இருபத்தாறு பேர். சேர்மக்கனிக்கு அவர்களில் பெயர் தெரியாத ஒருவனும் இல்லை. ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரியும். பெய்கிற மழையையெல்லாம் அந்த மணல்மேடு குடித்து வைத்துக்கொண்டுதான் வருடம் முழுக்க அடிவாரத்துக் கிணறுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கிழக்கே ஒரு மைல் போனால் தண்ணீர் கடல்மாதிரி கரிக்கிறது. மேடு போனால் அவள் வீட்டுக் கிணறு, அக்கா வீட்டுக் கிணறு, மேலத்தெரு முழுக்க உள்ள கிணறு எல்லாம் உப்பாகிவிடும். இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லிப் பார்த்தாள். கம்பெனி லாரியில் தண்ணீர் தரும் என்று பதில் வந்தது. அவளே மறுப்புக் கொடுக்கலாமென்றால், மேட்டின்மேலேயே குடியிருக்கிற உயிருக்குத்தான் அந்த உரிமை.

ஆக, ஊரில் மறுப்புச் சொல்ல முன்வந்தவர் ஒருவர்தான். அவர் 114-ஆம் கல்லின்மேல் நின்றுகொண்டிருந்தார். கல்லுக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர் என்பதால் சேர்மக்கனி அவருக்கு மிராசு என்று பெயர் வைத்தாள்.

அவளுடைய அக்காவின் வீட்டுக்காரர் சுயம்புராஜ், கல் ஊன்றுவது, கம்பி வேலி போடுவது முதலிய வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். கம்பெனி வேலையும் அவருக்குத்தான் வந்திருந்தது. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காத கொழுந்தியாள் தினமும் குடையோடு போய் ஓணானுக்கு எதிரே படுத்துக் கிடப்பது அவருக்குப் பெரிய வரப்பிரசாதமாகப் போயிற்று.

"என்ன கனி, என் சகலை இன்னைக்கு என்ன சொல்லுதான்?" என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பார்.

"கல்லு அவனுதாம், அத்தான். உங்களப் போகச் சொல்லுதான்."

"சொந்தமா ஒரு கல்லாவது வச்சிருக்கான். பரவாயில்லட்டி, அமுக்கிப் பிடி."

முதல் விசாரணைக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வரச்சொல்லி மிராசுவின் பெயருக்கே அழைப்பாணை வந்தது. சேர்மக்கனி அவரைத் துளையிட்ட டிபன் பாக்ஸில் கொண்டுபோனாள். கூட்ட அறையில் குளிர்சாதனம் ஓடிற்று. மேசைமேல் வைக்கப்பட்ட மிராசு கண்ணை மூடிக்கொண்டு செத்த சருகுமாதிரி கிடந்தார். கம்பெனி வழக்கறிஞர் ஆதிகேசவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மனுதாரர் மௌனம் சாதிப்பதைக் குறித்துக்கொள்ளும்படி வெகு மரியாதையாக வேண்டினார்.

சேர்மக்கனிக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். இது வெயிலைக் குடித்தால்தான் அசையும் பிராணி என்றும், உடம்பு சூடேறாமல் இதனால் ஓடவோ தின்னவோ பேசவோ முடியாது என்றும், இந்த அறையில் கேட்பது ஒரு மனிதரை மயக்க மருந்து கொடுத்துவிட்டுக் கேட்பதற்குச் சமம் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். கோட்டாட்சியர் மெஹருன்னிசா ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த அம்மாள். ஓணானையும் சேர்மக்கனியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு விசாரணையை மனுதாரரின் இருப்பிடத்தில், மனுதாரருக்குச் சௌகரியமான நேரத்தில் நடத்த உத்தரவிட்டார்.

சௌகரியமான நேரம் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு.

மறுநாள் தேரி அதுவரை பார்த்திராத காட்சியைப் பார்த்தது. வருவாய்த் துறை முழுவதும் குடை பிடித்துக்கொண்டு மணலில் நின்றது. வழக்கறிஞரின் கறுப்புக் கோட்டு வெயிலை வஞ்சனையில்லாமல் வாங்கிக்கொண்டது. மிராசு கல்லில் ஏறி, அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விசிறியை விரித்தார். எல்லோரும் அப்பால் செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் ஆளாக அப்பால் சென்றார்.

இரண்டாவது விசாரணை ஆனி மாதம் நடந்தது. மிராசு அதே மனுவை வார்த்தை மாறாமல் கொடுத்தார். அத்தோடு நிற்காமல், கல்லடியில் ஒரு பெண் ஓணான் தலைகாட்டியதும் பெட்டி இன்னொரு மனுவையும் வாசித்துவிட்டது. "பொருள்: இந்தக் கல் என்னுடையது, தாங்கள் வருமாறு வேண்டுதல், சார்பாக." தாசில்தார் வேறு பக்கம் திரும்பி இருமினார்.

எல்லாம் முடிந்து குடைகளை மடக்கும்போது ஆதிகேசவன், சும்மா ஒரு சந்தேகம் என்பதுபோலக் கேட்டார்.

"ஏம்மா, இதுக்கு ஆயுசு எவ்வளவு இருக்கும்?"

சேர்மக்கனிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதிலும் தனக்குத் தெரிந்த பாடத்தில் ஒருவர் சந்தேகம் கேட்டுவிட்டால் அவளுக்கு உற்சாகம் தலைக்கேறிவிடும்.

"ஒரு வருஷம்தான் சார். மழைக்காலத்தில பொரிக்கும், சித்திரைல வயசுக்கு வரும், ஆடி ஆவணில முட்டை. அடுத்த சித்திரையப் பாக்குறது அபூர்வம். ஒரு வருஷத்துக்குள்ளயே முழு வாழ்க்கையும் முடிச்சிடும் சார், பாருங்க."

ஆதிகேசவன் பார்த்தார். குடையை மறுபடி விரித்துக்கொண்டு போய், கட்சிக்காரருக்கு ஆவணங்கள் திரட்ட அவகாசம் வேண்டும், மூன்றாவது விசாரணையை அடுத்த சித்திரைக்கு ஒத்திவைக்க வேண்டும் என்று மனுப் போட்டார். விதிப்படி ஒருமுறை கேட்டால் மறுக்க முடியாது. மனுதாரர் அதற்குள் இறந்துவிட்டால் கோப்பு முடித்து வைக்கப்படும் என்பது அவர் கணக்கு.

தன் வாயாலேயே மிராசுவின் சாவுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு வந்த சேர்மக்கனி அன்று சாப்பிடவில்லை. அக்கா கெஞ்சிப் பார்த்தாள். சுயம்புராஜ் மட்டும் வழக்கம்போலச் சோற்றைப் பிசைந்தபடி, சகலைக்கு எந்த மாதிரிக் கல் பிடிக்கும் என்று விசாரித்தார்.

"இப்ப கேலி பண்ணாதீங்க, அத்தான்."

"கேலி இல்லட்டி. கம்பெனிக்காரன் நம்பிக்கையாயிட்டான். ஆடியிலயே மனை பிரிச்சுக் கல்லு ஊணச் சொல்லிட்டான். சகலை நம்ம கல்லையும் மதிப்பானான்னு கேக்கேன்."

அவள் எரிச்சலோடு கையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வைத்துக் காட்டினாள். அந்த உயரம் இருந்தால்தான் சூடு தாங்கும், எதிரி தெரியும், பெண்ணுக்கும் விசிறி தெரியும். ஒரு ஆணுக்கும் இன்னொரு ஆணுக்கும் நடுவே, எட்டு வைத்து நடந்தால் பன்னிரண்டு எட்டாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சண்டை. தேரியில் ஏறி நிற்க ஒன்றுமில்லாததால்தான் பாதி ஆண் ஓணான்கள் ஊமையாகப் புதருக்கடியில் கிடந்தே செத்துப்போகின்றன. இவ்வளவையும் கோபத்தில் சொன்னாள். அவர் "அப்படியா சங்கதி" என்று மோர் ஊற்றிக்கொண்டார்.

ஆடியில் கல் ஊன்றினார்கள். சேர்மக்கனி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கவனமெல்லாம் 114-ஆம் கல்லடியில் இருந்தது. அந்தப் பெண் ஓணான் ஒரு காலைப்பொழுது முழுக்க மணலைத் தோண்டி, எட்டு முட்டை இட்டு, மூடி, மூக்காலேயே தட்டித்தட்டிச் சமன் செய்துவிட்டுப் போயிற்று. சேர்மக்கனி அதன்மேல் அக்காவின் பழைய சல்லடையைக் கவிழ்த்து வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சட்டத்தை எழுதியவர்கள் பழைய நிலச் சட்டத்தைப் பார்த்து எழுதியிருந்தார்கள். அதனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி தங்கிவிட்டிருந்தது. மனுதாரர் இறந்தால் வாரிசு தொடரலாம்.

மிராசு மார்கழியில் ஒரு குளிர்ந்த காலையில் கல்லடியில் கிடந்தார். அவள் அவரை அங்கேயே மணலில் புதைத்துவிட்டு, தாலுகா அலுவலகத்துக்குப் போய் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்தாள்.

கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். விதியை மீறத் தெரியாதவர். இறந்தவரின் மனைவி எத்தனை பேர் என்று கேட்டார். உறுதியாகத் தெரிந்து ஒன்று என்றாள் சேர்மக்கனி. பிள்ளைகள் எட்டு; பொரிந்தது ஆறு; அதில் காகத்துக்கும் கீரிக்கும் போக மீந்தது ஒன்று. குடும்பத்தை நேரில் அறிந்த அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அவர். ஊரில் யாரும் பேனாவைத் தொடவில்லை. பாதிப்பேர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலைக்குப் பெயர் கொடுத்திருந்த பால்துரையின் அம்மா அவள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதையே நிறுத்திவிட்டாள். கடைசியில் அக்கா கையெழுத்துப் போட்டாள். சுயம்புராஜ், கம்பெனி வேலை செய்கிறவன் எப்படிப் போடுவது என்று நாலு பேர் கேட்கத் தெருவில் நின்று கத்தினார். அக்கா இரண்டு வேளை அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் வேளை அவர் கையெழுத்துப் போட்டார். உறவுமுறை என்ற கட்டத்தில், நடுக்கமில்லாத எழுத்தில், சகலை என்று எழுதினார்.

சான்றிதழ் வந்த அன்றுதான் சேர்மக்கனி வாரிசைச் சரியாகப் பார்த்தாள். முதுகில், பொரிந்தபோதே அடையாளத்துக்கு அவள் வைத்த பச்சைப் புள்ளி இருந்தது. பின்னங்கால்களால் எழுந்து, குட்டிச் சேவகன்போல இரண்டே காலில் மணலில் ஓடியது. நின்றது. கழுத்தை நிமிர்த்தியது. கழுத்தடியில் ஒன்றுமில்லை.

பெண். பெண் ஓணானுக்கு விசிறி கிடையாது.

மூன்றாவது விசாரணை சித்திரை பதினெட்டாம் தேதி. இந்தத் தடவை ஆதிகேசவன் வெள்ளைச் சட்டையில், தொப்பியோடு, விலங்கியல் பாடப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வாரிசை அவர் எதிர்க்கவேயில்லை.

"மேடம், இந்த அம்மா கொடுத்த சான்றிதழை நாங்க முழு மனசோட ஏத்துக்கறோம். வாரிசு என்ன சொல்றாங்களோ அதுக்குக் கட்டுப்படறோம். சொல்லட்டும்."

வாரிசு 114-ஆம் கல்லில் ஏறியது. ஒரு எறும்பைத் தின்றது. கோட்டாட்சியரைப் பார்த்தது. பெட்டி சும்மா இருந்தது. பதினொன்றேகால் ஆயிற்று. வாரிசு இன்னொரு எறும்பைத் தின்றது. பதினொன்றரை. சேர்மக்கனிக்குத் தன் வீட்டுக் கிணற்று நீர் நாக்கிலேயே கரிக்கத் தொடங்கிவிட்டது. சுயம்புராஜ் ஊர்க்காரர்களோடு தூரத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"சேர்மக்கனி, பொழுது போகுதும்மா," என்றார் மெஹருன்னிசா, வருத்தமாகவே.

அப்போது பெட்டி பேசியது.

"அனுப்புநர்: விசிறித்தொண்டை ஓணான், ஆண், சர்வே கல் 131. பொருள்: இந்தக் கல் என்னுடையது, தாங்கள் வருமாறு வேண்டுதல், சார்பாக."

சேர்மக்கனி திரும்பினாள். பன்னிரண்டு எட்டுத் தள்ளி, புதுக் கல் ஒன்றின் உச்சியில் ஒரு விசிறி விரிந்திருந்தது. அதற்கப்பால் இன்னொரு கல்லில் இன்னொன்று. அதற்கப்பாலும். 114-இன்மேல் கன்னிப்பெண் ஒருத்தி வெயிலில் தனியாக நிற்கிறாள் என்ற செய்தி கல்லுக்குக் கல் பரவியதுபோல, மேட்டின் சரிவு முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீலக்கோடுகள் விரிந்து மடங்கின. பெட்டிக்கு மூச்சு முட்டியது. அனுப்புநர் 132, அனுப்புநர் 140, அனுப்புநர் 127, தாங்கள் வருமாறு, தாங்கள் அப்பால் செல்லுமாறு, தாங்கள் வருமாறு, இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள, உண்மையுள்ள, உண்மையுள்ள. பக்கவாட்டில் அச்சுத்தாள் நாக்குப்போல நீண்டு மணலில் சுருண்டது. தாள் தீர்ந்தது. தாசில்தார் ஓடிப்போய் ஜீப்பிலிருந்து இன்னொரு கட்டு கொண்டுவந்தார். அதுவும் தீர்ந்தது. ஊர்க்காரர்களில் யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, வெயில் ஏறிய எல்லாத் தலைகளுக்கும் அது தொற்றிவிட்டது. பால்துரையின் அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வாரிசு எதையும் பொருட்படுத்தாமல் மூன்றாவது எறும்பைத் தின்றது.

ஆதிகேசவன், இவர்கள் மனுதாரர்களே இல்லை என்றார். இடத்தில் குடியிருக்கும் எந்த உயிரும் மனுதாரர்தானே என்று மெஹருன்னிசா கேட்டார். இது மறுப்பே அல்ல, காதல் என்றார் ஆதிகேசவன். மெஹருன்னிசா ஒரு தாளை எடுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"பொருள்ல முதல் வரியே கல் என்னுடையதுன்னு இருக்கே, வக்கீல் சார். அதுவும் உங்க கட்சிக்காரர் நட்ட கல். இருநூற்றுப் பதினாலு மனு. ஒவ்வொண்ணையும் மூணு தடவை கேக்கணும். நீங்க வாய்தா கேக்கலாம், உங்க உரிமை. ஆனா இவங்களுக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு. வாரிசு எட்டெட்டா வரும்."

ஆதிகேசவன் வாய்க்குள்ளேயே ஏதோ பெருக்கிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

கம்பெனி வைகாசியிலேயே வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிற்று. ஆனால் பதிவான மனுவை விசாரிக்காமல் விட விதியில் இடமில்லை. வருடத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் விசாரணை. குடை பிடிக்க, கல் எண் பார்க்க, தாள் மாற்ற ஆள் வேண்டுமென்று கோட்டாட்சியர் எழுதிய கடிதத்துக்கு அனுமதி வந்தது. இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேருக்கு வேலை கிடைத்தது. மீதி ஏழு பேர் அதற்குள் திருப்பூருக்கு ரயிலேறியிருந்தார்கள். அந்த ஏழு பெயரும் சேர்மக்கனிக்கு மறக்கவில்லை. பால்துரை அதில் ஒருவன். அவன் அம்மா இப்போது தண்ணீருக்கு வருகிறாள், பேசுவதில்லை.

புதிய ஆட்களுக்கு வேலை பழக்கும்போதுதான் சேர்மக்கனி முதன்முறையாக அந்தக் கற்களை அளந்து பார்த்தாள். கம்பெனியின் வரைபடத்தில், தரைக்குமேல் ஒரு சாண், முப்பது எட்டுக்கு ஒரு கல் என்றிருந்தது. அவள் ஒரு கல்லை அளந்தாள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். உச்சி மட்டும் ஓணான் நகம் வழுக்காதபடி உளியால் கொத்திவிடப்பட்டிருந்தது. நடந்து பார்த்தாள். பன்னிரண்டு எட்டு.

சுயம்புராஜ் கொஞ்ச தூரத்தில் ஒரு கல்லின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்து, அவள் கிணற்றுத் தண்ணீரைச் செம்போடு அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். அவள் போய் எதிரே நின்றாள்.

"அத்தான், கல்லெல்லாம் உசரமா ஊணியிருக்கீங்க."

"மணலு பறக்குற ஊரும்லா. தாழ்த்தி ஊணுனா மூடிரும்."

"நெருக்கமா வேற இருக்கு."

"எனக்கு என்னட்டி தெரியும், கூலிக்காரப் பயலுவ எட்டு வச்சு அளந்தானுவ. குட்டைக் காலனுவ."

அவர் மீதித் தண்ணீரையும் குடித்தார். நல்ல இனிப்புத் தண்ணீர். செம்பைக் கவிழ்த்து உதறினார். அவளுக்கு என்னவோ சொல்ல வந்தது. அதற்குள் அவர் உட்கார்ந்திருந்த கல்லின் அடியிலிருந்து ஒரு சின்ன ஆண் ஓணான் எட்டிப் பார்த்து, கழுத்தை நிமிர்த்தி, விசிறியை விரித்தது. பெட்டி வழக்கமான குரலில், தாங்கள் அப்பால் செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டது.

சுயம்புராஜ் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பன்னிரண்டு எட்டுத் தள்ளிப்போய், திரும்பி நின்றார்.

"இது போதுமா, சகலை?" என்றார்.